சதை மடி

கிடாரிக் கன்றின் மடியைத் தொட்டுப் பார்க்காமல், அது நன்றாக வளர்கிறது என்று யாரிடமும் சொல்லாதீர்கள். இந்தத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் எனக்குச் சொல்ல இருப்பது ஏறக்குறைய இவ்வளவுதான். மீதியை நீங்களே கற்றுக்கொள்வீர்கள், அல்லது களைத்துப்போய் விட்டுவிடுவீர்கள். நானும் பலவற்றை அப்படி விட்டவன்தான். ஆனால் இந்த ஒன்றை நான் கற்றுக்கொள்வதற்குள் ஒரு பெண் மாதக்கணக்கில் பிறந்த வீட்டில் போய் உட்கார வேண்டியிருந்தது. அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

1993இல் திண்டிவனத்துக்கு மேற்கே ஒரு கிராமத்துக் கால்நடை மருந்தகத்தில் எனக்கு முதல் வேலை. காலையில் கதவைத் திறக்கும்போதே வேப்பமரத்தடியில் இருபது, முப்பது மாடுகள் நிற்கும். சினை ஊசி, குடற்புழு மருந்து, கழிச்சல், கால் புண் என்று மதியம் வரை நிமிர முடியாது. கொண்டுவரும் கன்றுகளில் பாதிக்கு விலா எலும்பை எண்ணிவிடலாம். தாய்ப்பாலை ஒட்டக் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு, கன்றுக்கு வைக்கோலைக் காட்டுவார்கள். "கன்னுக்குத் தீனி வையுங்க" என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது.

அப்படியிருக்கும்போதுதான் அந்தோணிசாமியின் வீட்டுக்குப் போனேன். சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடும் குடும்பம். அவருடைய மச்சான் திண்டிவனத்தில் எண்ணெய் ஆலை வைத்திருந்ததால் வீட்டில் புண்ணாக்குக்குக் குறைவே கிடையாது. கொட்டகையில் நான்கு மாத ஜெர்சி கலப்பினக் கிடாரி ஒன்று நின்றது. தேன் நிறம், நீண்ட முதுகு, ரோஸி என்று பெயர். அதன் தாய் அந்த ஊரிலேயே அதிகம் கறந்த மாடு. கன்று ஈன்ற கொஞ்ச நாளில் பாம்பு கடித்துச் செத்துப்போனது. அதனால் அந்த வீட்டின் ஆசை முழுவதும் இந்தக் கிடாரி மேல் இருந்தது.

"இதுக்கு எத்தினி புண்ணாக்கு வைக்கலாம் சார்?" என்று கேட்டார் அந்தோணிசாமி.

"எவ்ளோ தின்னுதோ அவ்ளோ வையுங்க," என்றேன்.

வண்டியை உதைத்துக்கொண்டே சொன்னேன் என்று நினைக்கிறேன். அடுத்த ஊரில் ஒரு மாடு கன்று போட முடியாமல் கிடந்தது. என் வேலைக்காலத்தில் நான் சொன்ன ஆயிரக்கணக்கான வாக்கியங்களில், சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று இன்றைக்கும் நினைக்கிற வாக்கியம் அது.

அவர்கள் என் சொல்லை அப்படியே கடைப்பிடித்தார்கள். ஊறவைத்த புண்ணாக்கு, கேப்பைக் கூழ், தவிடு, பச்சைத் தீவனம் என்று வேளை தவறாமல் ரோஸிக்குப் போனது. அதற்கு அடுத்த மாதம் மகன் சூசைராஜுக்குக் கல்யாணம் ஆகி, பிலோமினா என்ற பெண் அந்த வீட்டுக்கு வந்தாள். அவள் ஊர் திருவாமாத்தூர் பக்கம் ஒரு கிராமம். அவள் அப்பா கறவைக்காரர், விழுப்புரத்தைச் சுற்றி வீடு வீடாகப் போய் மாடு கறந்து கொடுப்பவர். மாமியார் சவரியம்மாளுக்கு அந்தச் சம்பந்தம் குறைச்சலாகப் பட்டது. மகன் பிடிவாதத்தால் நடந்த கல்யாணம். வந்த வாரமே கொட்டகை வேலை முழுவதும் மருமகள் கைக்கு மாறியது. அதற்குப்பிறகு ரோஸிக்குத் தீனி வைத்த கை பிலோமினாவுடையது. தீனியை அளந்து எடுத்துக் கொடுத்தது மட்டும் சவரியம்மாள்.

ரோஸிக்கு ஒன்பது மாதம் ஆனபோது பக்கத்து ஊரில் கன்றுகள் கண்காட்சி நடத்தினோம். நான்தான் நடுவர். எலும்பும் தோலுமான கன்றுகளுக்கு நடுவே ரோஸி பளபளவென்று நின்றது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு பிலோமினா நின்றாள். நான் மைக்கை வாங்கி, "இந்த வயசுலேயே மடி எப்படி எறங்கியிருக்கு பாருங்க. இதுதான் வளர்ப்பு," என்றேன். முதல் பரிசாக ஓர் எவர்சில்வர் வாளி. மடியைக் கண்ணால் பார்த்தேனே தவிர, குனிந்து கை வைக்கவில்லை.

ரோஸி சீக்கிரமே பருவத்துக்கு வந்தது. அதையும் நல்ல வளர்ப்பின் அடையாளமாகவே எடுத்துக்கொண்டு, உடம்பு போதுமென்று தோன்றியதும் சினை ஊசி போட்டேன். 1995இல் கன்று போட்டது. கிடாரிக் கன்று. மடி பெரிய பானை போல இருந்ததாக ஊரே பேசியது.

ஏழாம் நாள் காலையில் சூசைராஜ் மருந்தகத்துக்கு வந்து நின்றான்.

"சார், ஜல்தியா வாங்க. பாலே இல்ல. ரெண்டு லிட்டருக்கு மேல வரமாட்டேங்குது. அம்மா பேஜாரு பண்ணிக்கினு இருக்காங்க."

நான் போகும்போது கொட்டகையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். காய்ச்சல் இல்லை. மடியில் சூடோ வீக்கமோ இல்லை. பால் திரிதிரியாகவும் வரவில்லை, அதனால் மடிநோய் இல்லை. பிலோமினாவைக் கறக்கச் சொன்னேன். பழகிய கை, சீராகக் கறந்தாள். நான்கு காம்பும் வற்றின. ஆனால் மடி அப்படியே இருந்தது. கறந்து முடித்த நல்ல மடி காலிப் பை போலச் சுருங்கித் தோல் தொங்க வேண்டும். இது கறக்கும் முன்னால் எப்படி இருந்ததோ அப்படியே திரண்டு நின்றது. கையை வைத்து அழுத்தினேன். பிசைந்த மாவைப்போல மெத்தென்று இருந்தது. சதை மடி. அந்தச் சொல் எனக்குத் தெரியும், கல்லூரியில் படித்ததுதான். அது எதனால் வருகிறது என்பதுதான் சரியாகத் தெரியாது. பரம்பரைக் குறை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். உடனே அதன் தாய் எவ்வளவு கறந்தது என்பதும் ஞாபகம் வந்தது.

"பால் எறங்குற ஊசி ஒண்ணு இருக்குதாமே சார்," என்றார் கூட்டத்தில் ஒருவர். "அத போடுங்க."

ஆக்சிடோசின் உங்களுக்குத் தெரியும். மடிக்குள் சுரந்து நிற்கும் பாலைப் பிழிந்து இறக்கும் ஹார்மோன். சுரக்காத பாலை அதனால் உண்டாக்க முடியாது. எனக்கும் அது தெரியும். ஆனால் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், முதல் பரிசு கொடுத்தவன் நான், அடுத்த ஊரில் வேலையும் கிடந்தது. சும்மா திரும்பினால் கேள்வி கேட்பார்கள். ஊசி போட்டால் வழிவிடுவார்கள்.

போட்டேன். அடிமடியில் தங்கியிருந்தது கொஞ்சம் இறங்கி, அரை லிட்டர் கூடுதலாக வந்தது. கூட்டம் சிரித்தது. சவரியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டார்.

"டாக்டர் கை வச்சாதான் வருது. உன் கைல ஒண்ணும் இல்ல," என்று மருமகளைப் பார்த்துச் சொன்னார்.

பிலோமினா வாளியைக் கழுவ எழுந்துபோனாள். நான் பையை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அந்தச் சொல் என் காதில் விழுந்தது. விழவில்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாளிலிருந்து சூசைராஜ் எங்கோ ஊசி மருந்தை வாங்கிவந்து தானே போட ஆரம்பித்தான். இரண்டு வாரத்தில் மாடு ஊசி இல்லாமல் பாலை இறக்க மறுத்தது. ஒரு மாதத்தில் ஊசி போட்டும் ஒன்றும் மிச்சமில்லை. கிராமத்தில் காரணம் இல்லாமல் எதுவும் நடக்காது. கண்ணுக்குத் தெரியும் காரணம் கிடைக்காவிட்டால், கைக்கு எட்டுகிற ஆளைப் பிடிப்பார்கள். தாய் மாடு செத்தது அவளுக்குச் சம்பந்தம் பேசிய வாரம் என்று யாரோ கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அவள் கை பட்டதால் மடி அடைத்துக்கொண்டது என்றார்கள். கல்யாணம் ஆகி ஒன்றரை வருடமாகியும் அவளுக்குக் குழந்தை இல்லை. அதையும் இதனோடு சேர்த்துக்கொண்டார்கள். ஒருநாள் சொசைட்டியில் பால் ஊற்ற வந்தவர் ஒருவர், அந்தோணிசாமி மருமகளை அவள் அப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று என்னிடம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் அன்றைய பதிவேட்டை எழுதி முடித்தேன்.

அதற்குப்பின் இரண்டு மாதம் கழித்து எங்களில் சிலரை ஒரு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பாடம் எடுத்தவர் ஓர் ஆராய்ச்சியாளர், என்னைவிட வயதில் இளைய பெண். மேசைமேல் இரண்டு கண்ணாடி ஜாடிகளை வைத்தார். இரண்டிலும் ஒரே வயதுக் கிடாரிகளின் மடியை நடுவே வெட்டிப் பதப்படுத்தி வைத்திருந்தார்கள். ஒன்றில் மஞ்சள் கொழுப்புக்கு நடுவே பழுப்பு நிறத்தில் கிளைகிளையாகத் திசு பரவியிருந்தது. இன்னொன்று அளவில் பெரியது. ஆனால் உள்ளே முழுக்க வெண்மஞ்சள் கொழுப்பு. காம்புக்கு மேலே மட்டும் கட்டைவிரல் அளவுக்குப் பழுப்பு.

"ரெண்டாவதுக்கு வயிறு முட்டத் தீனி வச்சாங்க," என்றார் அவர்.

அவர் விளக்கியதை என் சொற்களில் சொல்கிறேன். மூன்று மாதத்திலிருந்து முதல் பருவம் வரும்வரை, மடி உடம்பைவிட வேகமாக வளரும். பால்குழாய்கள் கொழுப்பு மெத்தைக்குள் வேர்போலக் கிளைத்துப் போகும். அந்தக் கொழுப்பு வேண்டும். அது இல்லாவிட்டால் குழாய் படர இடம் இல்லை. ஆனால் அந்த மாதங்களில் கொழுக்கக் கொழுக்கத் தீனி போனால் ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் குறைகிறது, மெத்தை தடிக்கிறது, வேர் தயங்குகிறது. பருவமும் முந்தி வந்துவிடுவதால், வேர் படர்வதற்கு இருந்த காலமும் சுருங்குகிறது. பிற்பாடு எந்த ஊசி போட்டாலும் பாலைச் சுரக்க அங்கே போதிய செல்கள் இருக்காது. கொழுப்புத் திசு சும்மா கிடக்கும் சேமிப்பு இல்லை, அதுவே ஹார்மோன்களைச் சுரந்து பக்கத்திலிருக்கும் மடிச் செல்கள் பெருகுவதைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது என்பதையெல்லாம் பல வருடம் கழித்துப் படித்தேன். அன்றைக்கு எனக்கு அந்த இரண்டாவது ஜாடியே போதுமாக இருந்தது.

எல்லோரும் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். எவ்வளவு தின்கிறதோ அவ்வளவு வையுங்கள் என்று நான் சொன்னது சரியாக நாலாம் மாதத்தில். கணக்கு வைத்துக் கெடுத்ததுபோல.

ஊர் திரும்பியதும் நேரே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மூன்று வாரம் சொல்லவில்லை. அந்தத் தெருவைத் தவிர்க்க ஏரிக்கரை வழியாகச் சுற்றிப் போனேன். இதைச் சொன்னால் இனி யார் என் பேச்சைக் கேட்பார்கள், எலும்பும் தோலுமான கன்றுகளை இன்னும் பட்டினி போடுவார்களே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். நல்ல நியாயம்தான். பயந்தவனுக்கு நல்ல நியாயங்கள் எப்போதும் கிடைக்கும்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அவர்கள் வீடு திரும்பியிருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். அந்தோணிசாமி நாற்காலி எடுத்துப் போட்டார். நின்றபடியே சொன்னேன்.

"ரோஸிக்குப் பால் இல்லாததுக்கு உங்க மருமக காரணம் இல்லீங்க. நான்தான் காரணம். சின்ன வயசுல அவ்ளோ புண்ணாக்கு வைக்கச் சொன்னது தப்பு. மடிக்குள்ள கொழுப்பு ரொம்பிப்போச்சு. அன்னைக்கு ஊசி போட்டதும் தப்பு. அது வேலைக்காகாதுன்னு தெரிஞ்சேதான் போட்டேன்."

சூசைராஜ் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான்.

அந்தோணிசாமி மெல்லச் சொன்னார்: "இத வெளில சொல்லிக்கினு இருக்காதீங்க சார். நாளைக்கு ஒரு மாட்டுக்கு உங்கள கூப்புடணும்னா எங்களுக்கே மனசு வராது."

சவரியம்மாள் முக்காட்டை எடுத்து மடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"அவள அனுப்பி மூணு மாசம் ஆவுது. கோயில்ல என்னா கேட்டாங்க, தெருவுல என்னா கேட்டாங்க, எல்லாத்துக்கும் நான் பதில் சொல்லிட்டேன். இப்ப வந்து தப்புன்றீங்க. நான் சொன்னதையெல்லாம் யார் வீட்ல போய்த் திருப்பி வாங்கறது?"

நான் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன்.

வெளியே வந்தபோது சூசைராஜ் பின்னாலேயே வந்தான். "இத அவகிட்ட சொல்றீங்களா சார்? நான் சொன்னா நம்பமாட்டா," என்றான். என் வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டான். திண்டிவனம் வந்து, நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே விழுப்புரம் தாண்டி, திருவாமாத்தூர்ப் பக்கத்து அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம்.

பிலோமினா சாணத்தை வாரிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். புருஷனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். அங்கே சொன்னதையே மறுபடி சொன்னேன். ஜாடிகளைப் பற்றியும் சொன்னேன். கடைசிவரை கேட்டாள்.

"இதுக்கு ஜாடில போட்டுப் பாக்கணுமா சார்?" என்றாள்.

"என்னம்மா?"

"நான் அங்க வாக்கப்பட்டுப் போன ரெண்டாம் மாசமே அத்தைகிட்ட சொன்னேன். கன்னு மடி மெத்துமெத்துனு போவுது, உள்ள உருளல, புண்ணாக்கக் கொறைங்கன்னு. எங்கப்பா இத்தினி வருசமா மாடு கறக்கறாரு. இப்புடிக் கொழுத்த கிடாரி கறக்காதுன்னு எங்க வீட்ல கொழந்தைக்குக் கூடத் தெரியும். டாக்டரே சொல்லிக்கீறாரு, கறவக்காரன் பொண்ணு நீ என்னாத்த கண்டேன்னாங்க. அதுக்கப்புறம் நான் வாயத் தெறக்கல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்றேன். சொல்லி முடிக்கும் முன்பே அது எவ்வளவு மட்டமான பேச்சு என்று எனக்கே தெரிந்தது.

"நீங்க எப்ப சார் என்னாண்ட கேட்டீங்க?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. கொட்டகைக்குள் போய் ஓர் ஆறுமாதக் கிடாரியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒல்லியாக, நீளமாக இருந்தது. கண்காட்சிக்கு வந்திருந்தால் நான் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். "கை வச்சுப் பாருங்க. காம்புக்கு மேல," என்றாள். குனிந்து வைத்தேன். மெல்லிய மெத்தைக்குள்ளே கொட்டைப்பாக்கு அளவில் கெட்டியாக ஒன்று விரலுக்குக் கீழே உருண்டது. நான்கு காம்புக்கும் நான்கு. பால்திசு. பட்டம் வாங்கி, வேலையில் சேர்ந்து, எத்தனையோ ஆயிரம் மாடுகளைப் பார்த்த பிறகு, அதை முதன்முதலாகத் தொட்டேன்.

அன்று அவள் எங்களுடன் வரவில்லை. சூசைராஜுக்குச் சாப்பாடு போட்டாள். "உங்கம்மா வந்து கூப்புடட்டும், வர்றேன்," என்று மட்டும் சொன்னாள். சவரியம்மாள் போவதற்கு இன்னும் ஆறு வாரம் ஆனது. போனார். என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. பிலோமினா திரும்பி வந்தாள். ரோஸி இன்னும் ஒரு முறை ஈன்றது. பாலில் பெரிய மாற்றம் இல்லை. பிறகு சந்தைக்கு ஏற்றிவிட்டார்கள். அது எங்கே போயிருக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த வீட்டுக்கு என்னை அதற்கப்புறம் கூப்பிடவில்லை. நான் மாற்றலாகிப் போகும்வரை பக்கத்து மருந்தகத்துக்குத்தான் மாட்டை ஓட்டிப் போனார்கள்.

இதற்குப்பின் நான் பெரிய ஞானியாகிவிட்டேன் என்று எண்ணாதீர்கள். கூட்டம் நின்றபோது தேவையில்லாத ஊசிகளைப் பிற்பாடும் போட்டிருக்கிறேன். எண்ணிக்கை குறைந்தது, அவ்வளவுதான். கொட்டகைக்குள் போனதும், தீனி வைப்பது யார், கறப்பது யார் என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். வீட்டுக்காரர் "நான்தான் சார்" என்பார். பெரும்பாலும் பொய்யாக இருக்கும். கொஞ்சம் காத்திருந்தால் பின்னாலிருந்து ஒரு பெண் முன்னே வருவாள். அந்தக் காத்திருப்புக்கு நேரம் கிடைக்காத நாட்களே அதிகம். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

ஓய்வு பெறுவதற்குச் சில வருடம் முன்னால், 2010க்குப் பிறகு, மறுபடியும் திண்டிவனம் பக்கம் வந்தேன். ஒரு கோமாரித் தடுப்பூசி முகாமில் வரிசையாக மாடுகள் வந்துகொண்டிருந்தன. நரைத்த தலையோடு ஒரு பெண் எட்டு மாதக் கிடாரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் கல்லூரிக்குப் போகும் வயதில் அவள் மகள் நின்றாள். முகத்தைப் பார்த்ததும் பிலோமினா என்று தெரிந்துவிட்டது. அவளுக்கும் தெரிந்தது. நலம் விசாரித்தேன். சவரியம்மாள் காலமாகிவிட்டாராம், கொட்டகையில் இப்போது ஏழு மாடுகள் இருக்கின்றனவாம். பேசிக்கொண்டே நான் குனிந்து கிடாரியின் மடியில் கை வைத்து, நான்கு காம்புக்கு மேலும் தடவிப் பார்த்தேன். நான்கும் விரலுக்குத் தட்டுப்பட்டன.

"நல்லா வளருதும்மா," என்றேன்.

"அத நான் பாத்துக்கறேன் சார்," என்றாள் பிலோமினா. "நீங்க தடுப்பூசிய மட்டும் போடுங்க."

போட்டேன்.